குடைமிளகாய் வளர்த்தவங்க, சமைச்சவங்க: மனசுல நிக்கிற ஒரு அனுபவம் சொல்லுங்க

பாளை மாடித்தோட்டம்:
சித்திரை வெயில்ல பூவெல்லாம் உதிர்ந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை விடுங்க. ஒரே ஒரு காய் தங்குச்சு. பழுக்கட்டும்னு விட்டிருந்தேன். ஒருநாள் காலையில பார்த்தா, காம்புக்குக் கீழ சாக்லேட் நிறத்துல ஒரு கீத்து. சிவக்கத் தொடங்கிட்டுன்னு அர்த்தம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா செடியில காம்பு மட்டும் இருக்கு. அத்தை சாம்பார்ல போட்டுட்டாவ. "நிறம் மாறுதே, அழுகிரும்னு பறிச்சேன்ம்மா"ன்னாவ. அவங்களைக் குறை சொல்ல முடியாது. கடையில பச்சையையும் சிவப்பையும் தனித்தனியா அடுக்கி வச்சா, பச்சை பழுத்துதான் சிவப்பாகும்னு யாருக்குத் தோணும்? எனக்கு அந்தக் கீத்துதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி.

தென்காசி சாரல்:
என் சின்ன மவன் குடைமிளகாயைப் பச்சையாவே கடிச்சுத் தின்பான். போன வருசத்துக் காயில எடுத்த விதையைப் போட்டு வந்த செடி, காய் கொஞ்சம் நீளவாக்குல இருந்துச்சு. அதையும் அப்படியே கடிச்சான். வாயைத் திறந்தபடி நின்னான், அழுகைகூட வரல. கண்ணு மட்டும் நிறைஞ்சு வழியுது. ஒரு கரண்டி தயிரை வாயில வச்ச பிறகுதான் சத்தமே வந்துச்சு. பக்கத்துத் தொட்டியில காந்தாரி மிளகாய் இருந்துச்சுல்லா, அந்தக் காரம் இதுல ஏறிட்டுன்னு ஆச்சி சொன்னா. அன்னைக்கே காந்தாரியைப் பிடுங்கிட்டேன். இப்பவும் பிள்ளை எந்தக் குடைமிளகாயையும் தொட மாட்டேங்கான்.

வள்ளியூர் விதைப்பெட்டி:
தென்காசி அக்கா, காந்தாரியைப் பிடுங்கியிருக்க வேண்டாம். பக்கத்துல நட்டதுக்காக அந்த வருசத்துக் காய் காரமாகாது. தேனீ காரமிளகாய் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தா, மாற்றம் விதைக்குள்ளதான் போகும். அந்த விதையை அடுத்த வருசம் போட்டா காய் எரியும். குடைமிளகாய்க்குக் காரம் இல்லாம இருக்கிறது ஒடுங்கு பண்பு, காரம் ஓங்கு பண்பு. தாய்ச்செடி, தகப்பன்செடி ரெண்டுல ஒரு பக்கம் காரம் வந்தாலே போதும், காய் எரியும். விதைக்குன்னு விடுற பூவை, விரியுறதுக்கு முந்தியே சின்ன வலைத்துணிப் பையால மூடி, காய் பிடிச்சதும் அவிழ்த்துருங்க. தன் மகரந்தத்துலயே காய்க்கும், லேசா தட்டிவிட்டா போதும்.

பாளைக்கும் ஒண்ணு. பகல்ல 32 டிகிரியைத் தாண்டினாலே பூ உதிரத் தொடங்கும், சித்திரையில நம்ம ஊர்ல அதுக்குக் கேட்கவே வேண்டாம். ஆவணியில விதை போட்டு ஐப்பசியில நாத்தை மாத்துங்க. பூக்கிற நேரம் மழைக்குளிர்ச்சி இருக்கும். தொட்டியில தண்ணி மட்டும் தேங்கக் கூடாது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினா, செடிக்குச் சுண்ணாம்புச்சத்து ஏறாம காயோட அடி கறுத்து அமுங்கும். இலை சுருண்டா அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, இலைப்பேன் இருக்கும். வேப்பெண்ணெயைச் சாயங்காலம்தான் அடிக்கணும்.

என் அனுபவம் சின்னதுதான். எங்க ஊரு ஆடிக்காத்துல காயோட கிளை முறிஞ்சு சுவத்துல மோதுன சத்தம். அதுக்குப் பிறகு கம்பு கட்டாத செடி எங்க வீட்டுல கிடையாது.

அம்பை சமையற்கட்டு:
விதை, பூன்னே பேசுதீயளே, சமைச்சதைச் சொல்ல ஆளில்லையா? எங்க வீட்டுல புளிமிளகாய் இல்லாம தோசை இறங்காது. அப்பாவுக்கு வயித்துப்புண்ணு வந்து காரம் கூடாதுன்னுட்டாங்க. குடைமிளகாயைச் சின்னதா நறுக்கி, நல்லெண்ணெயில கடுகு, உளுந்து தாளிச்சு வதக்கி, புளியைக் கெட்டியாக் கரைச்சு ஊத்தி, எண்ணெய் மேல மிதக்கும்வரை சுண்டவிட்டேன். புளியையும் எப்பவும் போடுறதுல பாதிதான் போட்டேன். கடைசியில ஒரு துண்டு கருப்பட்டி. அப்பா தொட்டு நாக்குல வச்சாவ. "மிளகாய் எங்கட்டி?"ன்னு கேட்டுட்டு, தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கல.

வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன விதை விசயம் சரிதான். ஆனா தென்காசி அக்கா, மவனுக்குக் குடுக்கையில உள்ள இருக்க வெள்ளைச் சதையை வழிச்சு எடுத்துட்டுக் குடுங்க. காரம்னு ஒண்ணு இருந்தா அதுலதான் அதிகமா இருக்கும். முதல்ல நீங்க ஒரு துண்டு கடிச்சுக் காட்டுங்க, பிள்ளை பிறகு வாங்குவான்.