கையால் நிரப்பிய ரவையும் கஸ்தூரியார் வீதித் தராசும்

செம்மண் (கோண்டாவில்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கொழும்பில் படித்துக்கொண்டே 10 மீற்றர் வளிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுடுகிறாள். விடுமுறைக்கு வந்தபோது 500 ஈயக்குண்டுகள் அடங்கிய பேணி ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். மூடியில் 0.53 கிராம் என்று அச்சிட்டிருந்தது. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் அதைக் கொண்டுபோய், மில்லிகிராம் வரை காட்டும் அவருடைய தராசில் நூறு குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். மிகக் குறைந்தது 0.526, மிகக் கூடியது 0.537. மூன்று தரமாகப் பிரித்து மூன்று நெருப்புப்பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறேன்.

என்னை இந்த வேலையில் இறக்கியவர் ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர். அவர் தன் கைத்துப்பாக்கிக்கான ரவைகளை, அதாவது தோட்டாக்களை, தானே நிரப்புகிறவர். கடையில் வாங்கியதை அப்படியே சுடுகிறவனுக்கு இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் தற்செயலாகத்தான் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். நூறு குண்டுக்கே எனக்கு ஒரு பின்னேரம் போய்விட்டது. மிச்சம் நானூறையும் நிறுப்பதில் பயன் உண்டா?

ஒற்றைப்பனை (ரொறன்ரோ, சொந்த ஊர் உடுவில்) எழுதியது:

தம்பி சொல்லும் அந்த அண்ணர் நான்தான். சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் சொன்ன காரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

நான் சுடுவது 38 ஸ்பெஷல் என்ற சுழல்துப்பாக்கி ரவை. 2022 ஒக்ரோபர் 21 முதல் இங்கே கைத்துப்பாக்கியை வாங்கவோ கைமாற்றவோ முடியாது என்பதால், கையிலிருக்கும் இந்த ஒன்றிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. இலக்குச் சூட்டுக்குரிய சன்னம், அதாவது ரவையிலிருந்து பறக்கும் ஈயத் துண்டு, 148 கிரெயின், ஏறத்தாழ 9.6 கிராம். முனை தட்டையாக இருப்பதால் கடதாசியில் கிழிசல் இல்லாமல், துளைகருவியால் வெட்டியதுபோல் வட்டம் விழும். ஒரே கம்பனியின் கோதுகளை (சுட்டபின் மிஞ்சும் கூடுகளை) மட்டும் சேர்த்து, துடைத்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதை இருத்தி, மருந்தை அளந்து, சன்னத்தைக் கோதின் வாயோடு மட்டமாக இருத்தி, விளிம்பை மெல்லிதாக மடித்துவிடுவேன். ஒவ்வொரு சன்னத்தின் அடிப்பக்கத்தையும் விளக்கில் திருப்பிப் பார்ப்பேன். அடியில் ஒரு நகக்கீறல் இருந்தாலும் அது ஈயம் உருக்கும் சட்டிக்குத்தான்.

துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி 50 யாரில் சுட்டபோது கடை ரவை பத்தும் 75 மில்லிமீற்றருக்குள் விழுந்தன. என்னுடையவை 45க்குள் விழுந்தன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தராசுமுள் (நல்லூர்) எழுதியது:

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இடையில் வருகிறேன். ரொறன்ரோ நண்பரின் உழைப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

சுடுபவரின் கைநடுக்கமும் ரவையின் சிதறலும் ஒன்றையொன்று சாராதவை. சாராத இரண்டு சிதறல்கள் சேரும்போது நேராகக் கூடுவதில்லை; செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைப்போல, வர்க்கங்களாகவே கூடும். 25 மீற்றரில் ஒருவருடைய கையின் சிதறல் 80 மில்லிமீற்றர், ரவையின் சிதறல் 40 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 120 அல்ல, 89. இப்போது இரவிரவாக விழித்திருந்து ரவையின் சிதறலைப் பாதியாக்கி 20 ஆக்கிவிட்டார் என்போம். மொத்தம் 82 ஆகும். பாதியாகக் குறைத்தவருக்குக் கிடைத்தது ஏழு மில்லிமீற்றர். அதே நேரத்தைத் துப்பாக்கி விசையை இழுக்கும் பயிற்சியில் செலவழித்துக் கையின் 80ஐ 60 ஆக்கியிருந்தால், கடை ரவையோடேயே மொத்தம் 72க்கு வந்திருக்கும்.

மருந்தை மிக நுணுக்கமாக அளப்பதற்கும் இதே கதைதான். விநாடிக்கு 230 மீற்றர் வேகத்தில் புறப்படும் சன்னம் 25 மீற்றரைக் கடக்க 0.11 விநாடி எடுக்கும். அதற்குள் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் கீழே விழும். வேகம் இரண்டு வீதம் மாறினால் விழுச்சி நான்கு வீதம் மாறும், அதாவது இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவு. பத்தாம் வளையத்தின் விட்டமோ 50 மில்லிமீற்றர்.

இன்னுமொன்று. நீங்கள் காட்டிய 75உம் 45உம் எத்தனை பத்துச் சூட்டுக் குழுக்களின் சராசரி? ஒரே ஒரு பத்துச் சூட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, ஒரு தவணைப் பரீட்சையை வைத்துப் பிள்ளையை டொக்டர் என்பதற்குச் சமம்.

ஒற்றைப்பனை எழுதியது:

ஐயா, கணக்குச் சரி, எடுத்துக்கொண்ட எண்தான் பிழை. கையின் சிதறல் 80 என்பது பழகத் தொடங்கியவருக்குப் பொருந்தும். நன்றாகச் சுடுகிறவருக்கு 40 என்று வையுங்கள். அப்போது 40உம் 40உம் சேர்ந்து 57. ரவையைப் பாதியாக்கினால் 45. தட்டை முனைச் சன்னம் 9 மில்லிமீற்றர் அகலத் துளை போடும், கோட்டைத் தொட்டாலே மேல் வளையப் புள்ளி கிடைக்கும். ஆகவே துளையின் நடுப்புள்ளிக்குக் கிடைக்கும் இடம் 59 மில்லிமீற்றர். 57 என்பது அதன் விளிம்பில் நிற்கும் எண், 45 உள்ளே படுத்துறங்கும். கை திருந்தத் திருந்த ரவையின் பங்கு பெருகும் என்பதை உங்கள் சூத்திரமே சொல்கிறது.

மருந்தின் நிறை விடயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். முன்னர் ஒவ்வொன்றாக நிறுத்தேன். இப்போது மருந்தை அளந்து கொட்டும் அளவியின் கைப்பிடியை ஒரே சீராக இழுத்து விடுகிறேன், கடதாசியில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சிதறல் வருவது வேகத்தால் மட்டும் அல்லவே. சன்னம் குழலை விட்டு விலகும் கணத்தில் பின்னாலிருக்கும் வாயு அதன் அடிவிளிம்பைச் சுற்றி வெளியேறுகிறது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்தித் தப்பும், சன்னம் சரியும். குழலின் உள்விட்டத்தைவிட ஈயச் சன்னம் இம்மியளவு பெரிதாக இல்லாவிட்டாலும் வாயு பக்கத்தால் கசிந்து ஈயத்தைக் குழலில் பூசிவிடும். கடைக்காரன் எல்லாருடைய குழலுக்கும் சேர்த்து ஒரு விட்டம் செய்கிறான். நான் என் குழலுக்குச் செய்கிறேன். சட்டை வாங்குவதற்கும் தைப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

குழுக்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் சுட்டேன். மூன்று மூன்றாகச் சுட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஊசியிலை (ஜேர்மனி, சொந்த ஊர் அளவெட்டி) எழுதியது:

இரண்டு பேரும் ஒரு விடயத்தைத் தொடவில்லை. ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிக்கு இருப்பவை 10 மீற்றர் வளித் துப்பாக்கியும் 25 மீற்றர் .22உம் (0.22 அங்குல விட்டச் சிறு ரவை) மட்டும்தான். .22 ரவையில் வெடிபடு கலவை கோதின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. சுட்டபின் மீண்டும் நிரப்பும் வழக்கமே இல்லை. ஆகவே உலகின் மிகச் சிறந்த சுடுநர்கள் ரவையைக் கட்டுவதில்லை, தெரிவு செய்கிறார்கள். துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி, வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். ரவை முக்கியம் என்பதில் ஒற்றைப்பனை அண்ணா சரி. கையால்தான் நிரப்ப வேண்டும் என்பதில் சரியில்லை.

இதைச் சொல்லும் நானும் .32 ரவையைக் கையால் நிரப்புகிறவள். இங்கே அதற்கு வெடிபொருட் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ் அனுமதி எடுக்க வேண்டும்; பாடநெறி படித்து, பரீட்சை எழுதித்தான் எடுத்தேன். உண்மையான காரணம் காசு. கோது நாலைந்து தடவைக்கு மேலும் உழைக்கும். அதோடு, உதைப்பு மெதுவாக இருக்கும்படி நிரப்பிக்கொள்ளலாம். உதைப்புக் குறைந்தால் கண் சிமிட்டாது, கண் சிமிட்டாவிட்டால் புள்ளி கூடும். நம்மவர்கள் காசைச் சொல்லக் கூச்சப்பட்டுத் துல்லியம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

செம்மண் அண்ணா, ஈயக்குண்டை நிறுக்க வேண்டாம். அதன் பின்பக்கத்துப் பாவாடை காகிதம்போல் மெல்லியது. பேணி ஒருமுறை கீழே விழுந்தாலே நெளிந்துவிடும். வெள்ளைத் துணியில் கொட்டி, நெளிந்ததை மட்டும் பொறுக்கி எறியுங்கள். அடுத்தது தலையின் விட்டம். ஒரே குண்டு 4.49, 4.50 என்று பிரித்து விற்கப்படுகிறது. என் துப்பாக்கியைப் பூட்டிச் சுட்டபோது 4.49இல் ஐந்து துளையும் ஒன்றாகி 7 மில்லிமீற்றர் அகல ஓட்டையாக விழுந்தது, 4.50இல் 9க்கு விரிந்தது. உங்கள் மகளின் குழலுக்கு அது தலைகீழாகவும் இருக்கலாம்.

கிணற்றடி (சாவகச்சேரி) எழுதியது:

வாசிக்கும் இளசுகளுக்காக ஒரு வார்த்தை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. கனடாவிலும் ஜேர்மனியிலும் அனுமதியோடு நடப்பதை இங்கே வீட்டில் செய்து பார்க்க இடமில்லை. வன்னியில் இடியன் துவக்கை மருந்து இடித்து நிரப்பிய பழைய வேட்டைக்காரரின் கையில் எத்தனை விரல் மிச்சம் இருந்தது என்பதை நான் சிறுவயதில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வெற்றுக்கோது என்றாலே எங்கள் தலைமுறைக்கு வேறு ஞாபகம் வரும், அதை இங்கே இழுக்கவில்லை. ஒற்றைப்பனை அண்ணை, தவறு நடக்கும் இடத்தையும் எழுதினால் நேர்மையாக இருக்கும்.

ஒற்றைப்பனை எழுதியது:

எழுதுகிறேன். 38 ஸ்பெஷல் கோது பழைய கரிமருந்துக் காலத்தில் அளவெடுத்தது. இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் கொஞ்சமாகவே கிடக்கும். அதனால் ஒரே கோதில் இரண்டு தரம் மருந்து விழுந்தாலும் பொங்கி வழியாது. நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் தொலைபேசி அடித்தது, எழும்பிப் போய்ப் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சன்னம் வைக்குமுன் ஐம்பது கோதுகளையும் தட்டோடு விளக்கின்கீழ் சரித்துப் பார்ப்பது வழக்கம். மூன்றாவது வரிசையில் ஒன்றில் மட்டும் மருந்து மேலே நின்றது. அதைச் சுட்டிருந்தால் ரவைகள் இருக்கும் சுழல்கூடு பிளந்திருக்கும். ஐம்பதையும் கொட்டிவிட்டு அன்றைக்கு அறையைப் பூட்டினேன். அதன்பின் அந்த அறைக்குள் தொலைபேசி வருவதில்லை.

சொன்னபடி மும்மூன்று குழுக்கள் சுட்டேன். கடை ரவை 62, 81, 70. என்னுடையவை 45, 58, 52. சராசரியில் 71க்கு 52. முன்னர் சொன்ன முப்பது மில்லிமீற்றர் வித்தியாசம் பத்தொன்பதாகச் சுருங்கிவிட்டது. ஐயாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

தராசுமுள் எழுதியது:

பாதி மகிழ்ச்சி. பத்தொன்பது எஞ்சியிருக்கிறதே, அதை மறுக்க என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அது தாங்கியில் பூட்டிய துப்பாக்கிக்குக் கிடைத்தது. உங்கள் கையில் அது எவ்வளவாகும் என்பதை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

செம்மண் எழுதியது:

மகள் கொழும்புக்குத் திரும்பும்போது இரண்டு பேணிகளை எண் மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒன்றில் நான் நிறுத்துத் தெரிந்தவை, மற்றதில் நெளிந்ததை மட்டும் பொறுக்கி எறிந்தவை. எது எதுவென்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் 60 சூடு சுட்டாள். நிறுத்தவை 548, நிறுக்காதவை 551. இரண்டு தடவை சுட்டது சான்றாகாது என்று ஐயா சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். முதலாவதைச் சுட்ட அன்று நித்திரை காணாது என்று மகளும் சொல்கிறாள்.

மிச்சம் குண்டுகளை நிறுக்கப் போவதில்லை. நிறுக்க நினைத்தாலும் இனி இடம் இல்லை. நேற்றுக் கடைக்குப் போனபோது, தராசுத் தட்டை நண்பர் துணியால் மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துளி ஈயம் பொன்னோடு சேர்ந்தாலே உருக்கித் தட்டும்போது நகை வெடித்துப் போகும் என்று அன்றைக்கே சொல்ல நினைத்தாராம், முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டாராம்.