உதவித்தொகை: மாணவர் கையிலா, கல்லூரிக் கணக்கிலா?

அரூர்க்காரன்:
எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பட்டியல் சாதி, வீட்டு வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் கீழே. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. "கட்டிவிட்டு ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொள்" என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்யும் அவள் அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டியிருக்கிறார். அந்தப் பணம் இப்போது வாரா வாரம் அவர் கூலியில் கழிகிறது.

"உதவித்தொகையை நேராகக் கல்லூரிக்கே அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை" என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

காரிமங்கலம் கணக்கர்:
நான் ஒரு சுயநிதிக் கல்லூரியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் கேளுங்கள். 2021-இல் மத்திய அரசு விதிமுறையை மாற்றியது. மாநிலம் தன் பங்கான 40 விழுக்காட்டை முதலில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு மத்திய அரசின் 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். வந்த ஏழு நாளில் மாணவர் கல்லூரியில் கட்டிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஏழு நாளில் கட்டுகிறவர்கள் மிகச் சிலர். பணம் வந்ததே தெரியாது என்பார்கள், வீட்டில் செலவாகிவிட்டது என்பார்கள். படிப்பை நிறுத்திவிட்டுப் போன பிள்ளையின் கணக்கில் பணம் விழுந்தால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. அதில்தான் ஆசிரியர் சம்பளம், ஆய்வகம், மின்கட்டணம் எல்லாம். ஒரு வகுப்பில் பாதிப் பேர் பணம் நிலுவையில் நின்றால் பேராசிரியருக்குச் சம்பளம் எதிலிருந்து கொடுப்பது? 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் கல்லூரிக்குத்தான் வருகிறது. அங்கெல்லாம் மாணவர் பணத்தைத் தொடுவதே இல்லை, சச்சரவும் இல்லை. இதையும் அப்படியே செய்தால் என்ன குறைந்துவிடும்?

அரூர்க்காரன்:
ஐயா, நேராகக் கல்லூரிக்குப் போன காலத்தில் என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பேசுவோம். இமாச்சலப் பிரதேசத்தில் தனியார் நிறுவனங்கள் மாணவர் பெயரில் உதவித்தொகையைச் சுருட்டியதாகச் சுமார் 250 கோடி ரூபாய் வழக்கு. 2019-இல் சிபிஐ கையில் எடுத்தது. சேராத பிள்ளையைச் சேர்ந்ததாகக் காட்டுவது, விலகியவன் பெயரைப் பட்டியலில் விட்டுவைப்பது, இவையெல்லாம் பணம் நிறுவனத்தின் கையில் இருந்ததால் நடந்தவை. பணம் தன் கணக்கில் ஏறினால்தான் தன் பெயரில் எவ்வளவு வந்தது என்பதே பிள்ளைக்குத் தெரிகிறது.

பாலக்கோடு அம்மா:
நான் இந்தப் பக்கம்தான் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு முடியாது. போன ஆண்டு என் மகள் கணக்குக்குப் பணம் வந்த வாரம் தக்காளிக்கு விலையே இல்லை. பறிப்புக் கூலிக்கே கட்டுப்படியாகாது என்று தோட்டத்திலேயே விட்டுவிட்டோம். மருந்துக்கடைக் கடன் வாசலில் வந்து நின்றது. அந்தப் பணத்தில் பாதி அதற்குப் போனது; அடுத்த விளைச்சலில் கல்லூரிக்குக் கட்டினோம். திருட்டு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கணக்கர் தம்பி சொல்வது போல, அந்தப் பணம் எங்கள் கண்ணிலேயே படாமல் போயிருந்தால் மகள் இரண்டு மாதம் வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். வகுப்பு வாசலில் வந்து பெயர் வாசித்தார்களாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பென்னாகரம் மாணவி:
அம்மா, உங்கள் மகளுக்கு நேர்ந்தது கல்லூரியின் தவறு. பணம் யார் கணக்கில் வந்தாலும் அப்படிப் பெயர் வாசிக்கக் கூடாது.

நான் முதுகலை படிக்கிறேன், மூன்று ஆண்டாக இந்த விண்ணப்பங்களோடு அல்லாடியிருக்கிறேன். எல்லோரும் கட்டணத்தை மட்டுமே பேசுகிறீர்கள். இதே திட்டத்தில் கல்விப்படி என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொழிற்படிப்புப் பட்டத்துக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வருகிறவருக்கு 7,000. கலை, அறிவியல் பட்டத்துக்கு 6,000, 3,000. இது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வருகிற பணம், கட்டணத்தில் சேராது. கல்லூரி கையில் போனால் இதையும் "பாக்கியில் வரவு வைத்துக்கொண்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து தர்மபுரி வரை தினமும் போய்வருகிற பெண்ணுக்கு அந்தப் பணம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது.

காரிமங்கலம் கணக்கர்:
புரியாது என்று சொல்லாதே அம்மா, நானும் வத்தல்மலை அடிவாரத்திலிருந்து படிக்க வந்தவன்தான். கல்விப்படி மாணவருக்கே போகட்டும், நான் மறுக்கவில்லை. கட்டணத்தை மட்டும் பிரித்துக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்கிறேன்.

ஓசூர் தொழிலாளி:
இரண்டு பேரும் தனியார் கல்லூரியை மையமாக வைத்தே பேசுகிறீர்கள். தர்மபுரியில் செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பர்கூரில் ஒன்று இருக்கிறது. அங்கே இடங்களைக் கூட்டி, விடுதியைச் சரிசெய்தால் இந்தப் பாதிச் சண்டை தானாகவே அடங்கும். அரசின் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாயாக 2023-இல் உயர்ந்தது. அப்படியும் நாளுக்கு ஐம்பது ரூபாய்தான். ஐம்பது ரூபாயில் வளர்கிற பிள்ளை மூன்று வேளை என்ன சாப்பிடும்? விடுதி சரியில்லை என்றுதான் எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறார்கள்.

அரூர்க்காரன்:
அண்ணா, விடுதியைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இந்த ஆண்டு ஏற்கெனவே தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட்ட பெண்ணுக்கு அது பதிலாகாது.

கணக்கர் ஐயாவுக்கு: மாணவர் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் நினைக்கும் பல இடங்களில் நடப்பது வேறு. ஒரு பையனின் செல்பேசியை வாங்கி நானே பார்த்தேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் அரசின் யூமிஸ் தளத்தில் அவன் கொடுத்திருந்தது ஒரு வங்கியின் கணக்கு. பிறகு சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் வைக்கச் சொன்ன கைரேகையில் இன்னொரு கணக்கு திறந்து, ஆதார் அதோடு இணைந்துவிட்டது. நேரடிப் பணப்பரிமாற்றம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கெண்ணைப் பார்ப்பதில்லை, ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ அங்கேதான் போகிறது. பணம் நான்கு மாதமாக அவனுக்கே தெரியாத கணக்கில் கிடந்தது. கல்லூரியோ அவனைப் பொய்யன் என்றே முடிவு கட்டியிருந்தது.

காரிமங்கலம் கணக்கர்:
இது நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள். கல்லூரிக் கணக்குக்குப் போயிருந்தால் அந்தப் பணம் நான்கு மாதம் தொலைந்திருக்காது.

பென்னாகரம் மாணவி:
தொலைந்திருக்காது. ஆனால் கல்லூரி அதை வரவு வைத்ததா இல்லையா என்று அவனால் கேட்டிருக்கவும் முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: பணம் தாமதமாவது அரசால். அந்தத் தாமதத்தின் சுமையை ஏன் பதினெட்டு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டும்? நீங்கள் கல்லூரி நிர்வாகம். அரசிடம் எழுதிக் கேட்கலாம், வங்கியில் கடன் வாங்கலாம். என் அப்பாவுக்கு மேஸ்திரியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காரிமங்கலம் கணக்கர்:
நிர்வாகம் வட்டி கட்டிக் காத்திருக்க முடியாது என்று சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை, அம்மா. ஆனாலும் தேர்வு எழுதவிடாமல் தடுப்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கட்டணப் பாக்கியை டிகிரி முடிந்த பிறகும் வசூலிக்க வழியிருக்கிறது. தேர்வு போனால் ஆண்டே போய்விடும்.

பாலக்கோடு அம்மா:
இதை உங்கள் அலுவலகத்திலும் சொல்லுங்கள் தம்பி.

அரூர்க்காரன்:
ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: வாய்ப்பேச்சில் விடாதீர்கள். யூமிஸ் விண்ணப்ப நகல், வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் வைத்துக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-இலேயே சொல்லிவிட்டது. அதையும் கடிதத்தில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளிலும் அதே நகலோடு மனு கொடுங்கள். ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். தெரியாத கணக்காக இருந்தால் உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.