மாநாட்டில் பார்த்ததைக் குறுவள மையத்தில் எப்படிப் பகிர்வது: விடை அட்டையா, இணையமில்லாத சர்வரா?

(நான்கு ஆசிரியர்களின் உரையாடல். ஒவ்வொருவரையும் ஊரும் பாடமும் சொல்லிக் குறித்திருக்கிறது. ஐ.சி.டி. என்பது தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்.)

காரிமங்கலம் கணக்கு:

கிருஷ்ணகிரியில் நடந்த ஆசிரியர்களுக்கான கல்வித் தொழில்நுட்ப மாநாட்டுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் போனவர்கள் இனி அவரவர் குறுவள மையக் கூட்டத்தில், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடத்தில், பேச வேண்டும். ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணியில் முப்பது செயலியின் பெயரைச் சொல்லி ஸ்லைடு ஓட்டினால் மறுநாள் எந்த வகுப்பிலும் எதுவும் மாறாது. ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள், கேட்பவர்கள் கையால் செய்து பார்க்கட்டும். அந்த ஒன்று பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியின் விடை அட்டையாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மாணவரிடம் போன் வேண்டாம், டேப்லெட் வேண்டாம். ஆசிரியரின் ஒரு போன் போதும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்பு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை எந்த எழுத்தோ அந்தப் பக்கம் மேலே வரும்படி மாணவர் பிடிப்பார். போனின் பின்பக்கக் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் யார் என்ன சொன்னார் என்று பெயர் வாரியாகத் திரையில் வந்துவிடும். அட்டை எண்ணும் வருகைப்பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பமே இல்லை.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு அட்டை படிக்காது. வெறும் தாளை பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினால் போதும். டோனர் தீர்ந்த பிரின்டரில் கறுப்பு சாம்பலாக வரும், அதுவும் படிக்காது. பிள்ளைகள் விரலால் வடிவத்தை மறைப்பார்கள். ஓரத்தை மட்டும் பிடிக்க முதல் நாளே பழக்க வேண்டும்.

அட்டையை விட முக்கியம் கேள்வி. 0.4, 0.35, 0.125, 0.09 இவற்றில் எது பெரியது? 0.125 என்று சொல்லும் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறது. 0.09 என்று சொல்லும் பிள்ளை இட மதிப்பைப் பார்க்காமல் 9 என்ற இலக்கத்தைப் பார்க்கிறது. தவறான ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இதற்கு அப்படியே பொருந்தும்: சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி நடத்து, 30 முதல் 70 வரை என்றால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மீண்டும் கேள், 70க்கு மேல் என்றால் மேலே போ.

தேன்கனிக்கோட்டை அறிவியல்:

சார், கேள்வி அமைப்பது பற்றிச் சொன்னது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் காட்ட வேண்டியது அட்டை என்பதை ஏற்க மாட்டேன். அந்தச் செயலிக்கு நெட் வேண்டும். அஞ்செட்டி காட்டோரம், சித்தேரி மலை, வத்தல்மலைப் பக்கம் இருப்பவர்களிடம் அதைக் காட்டிவிட்டு "உங்கள் ஊரில் சிக்னல் வந்ததும் செய்யுங்கள்" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, அட்டை யாருக்குப் புரியவில்லை என்று சொல்லும், புரிய வைக்க எதையும் தராது. மின்சுற்று, ஒளி விலகல், அணு அமைப்பு, இதையெல்லாம் ஆய்வுக்கூடப் பொருள் இல்லாத பள்ளியில் எதைக் காட்டி நடத்துவது? மாநாட்டில் காட்டியதிலேயே நம் பகுதிக்கு உதவுவது இணையம் இல்லாமல் ஓடும் சர்வர்தான், அதாவது பாடங்களைச் சேமித்து வைத்து மற்றக் கணினிகளுக்குத் தரும் ஒரு கணினி. கோலிப்ரி என்ற இலவச மென்பொருள். செய்முறை இவ்வளவுதான்:

நெட் இருக்கும் இடத்தில் ஒரு கணினியில் அதை நிறுவுங்கள். வேண்டிய சேனலை (பாடத் தொகுப்பை) திறந்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை ஜி.பி. என்று பக்கத்திலேயே காட்டும். முழுச் சேனலையும் இறக்காதீர்கள், உங்கள் வகுப்புக்கான தலைப்பை மட்டும் டிக் செய்யுங்கள். பிறகு பென்டிரைவுக்கு ஏற்றுமதி. பள்ளிக் கணினியில் கோலிப்ரியை நிறுவி பென்டிரைவிலிருந்து இறக்குமதி. ஆய்வகத்தின் மற்றக் கணினிகளில் பிரவுசரைத் திறந்து அந்தக் கணினியின் ஐ.பி. எண்ணையும் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) முக்காற்புள்ளி போட்டு 8080 என்பதையும் அடித்தால் பாடம் வரும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் கேபிள் ஏற்கெனவே போட்டிருக்கும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஊத்தங்கரை ஐ.சி.டி.:

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் சர்வர் விஷயத்தில் "இவ்வளவுதான்" என்பது சரியில்லை மேடம். அது நிற்கும் இடங்களையும் மாநாட்டுக்குப் போனவர் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஐ.பி. எண். ரௌட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறிவிடும், நேற்று வந்த பாடம் இன்று வராது. ரௌட்டரில் ஐ.பி. எண்களை ஒதுக்கும் டி.எச்.சி.பி. பகுதியில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வையுங்கள். அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் பாதுகாப்பு. சர்வர் கணினியில் பாடம் தெரியும், மற்றதில் தெரியாது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நெட்வொர்க்கை "பிரைவேட்" என்று மாற்றி, கோலிப்ரிக்கு அனுமதி கொடுங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கப் போய்விடும், பவர் அமைப்பில் "எதுவும் செய்யாதே" என்று வைக்க வேண்டும்.

பழைய கணினி ஒவ்வொரு முறையும் தவறான தேதியோடு எழுந்தால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றாவிட்டால் மாணவர் பயிற்சிப் பதிவுகளில் தேதி தாறுமாறாகும், நெட் கிடைக்கும் நாளிலும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

மாநாட்டில் சர்வருக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகையைக் காட்டினார்கள். அழகான பொருள்தான். ஆனால் அதற்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரைச் சொருகினால் திரையில் மின்னல் குறி வரும், அப்புறம் காரணம் தெரியாமல் நிற்கும். கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. பேட்டரி அரை மணி தாங்கும் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் அதுவே மேல், யு.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது.

வைஃபையில் வீடியோ ஓட்டுவதாக இருந்தால் சாதாரண வீட்டு ரௌட்டர் பத்துப் பதினைந்து கருவிக்கு மேல் திணறும். கேபிளில் அந்தத் தொல்லை இல்லை.

காரிமங்கலம் கணக்கு:

சார், நீங்கள் எழுதியதே என் வாதத்துக்குச் சாட்சி. ஐ.பி., ஃபயர்வால், தூக்கம், பேட்டரி. கேட்க வந்திருப்பவர் தமிழாசிரியராகவோ சமூக அறிவியல் ஆசிரியராகவோ இருப்பார். ஒரு மணியில் இதில் எது மனதில் நிற்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல் மாறுதல் கலந்தாய்வு. சர்வரை நிறுவியவர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். அந்தக் கணினி மறுபடி வெறும் பெட்டிதான். விடை அட்டை யார் போனாலும் பீரோவில் இருக்கும்.

தேன்கனிக்கோட்டை அறிவியல்:

பாஸ்வேர்டு போவது சர்வரின் குறை இல்லை சார், ஒப்படைப்பின் குறை. நிர்வாகி பெயர், பாஸ்வேர்டு, ஐ.பி. எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, இருப்புப் பதிவேட்டில் பதிந்து தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவியோடு அதுவும் வரட்டும். இதைக் கூட்டத்தில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். உங்கள் அட்டைக்கும் இதே நிலைதான். பிளிக்கர்ஸ் கணக்கு சொந்த மின்னஞ்சலில் இருந்தால், போகிறவரோடு வகுப்புப் பட்டியலும் போய்விடும், அடுத்தவர் பெயர்களை முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

பாலக்கோடு தொடக்கநிலை:

இரண்டு தரப்பும் ஆறாம் வகுப்புக்கு மேலேயே பேசுகிறீர்கள். குறுவள மையத்தில் பாதிப்பேர் எங்களைப் போலத் தொடக்கப் பள்ளியினர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கும் வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே கேள்வி கேட்பது பொருந்துவதே இல்லை. எங்களுக்கு நான்கு வண்ணத் தாள் போதும்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். தாளை நான்காக வெட்டி, ஆளுக்கு நான்கு துண்டு. மூன்று நிலைக்கும் மூன்று கேள்வி, ஆசிரியர் கண்ணால் எண்ணிக்கொள்வார். சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

பகிர வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. தொடுதிரைப் பலகை வந்திருக்கும் பள்ளிகளில் அதைப் பராமரிக்கும் முறை. மாநாட்டில் அதை அழகாக இயக்கிக் காட்டினார்கள், துடைப்பது எப்படி என்று காட்டவில்லை. பல பலகைகளில் தொடுதல் வேலை செய்வது சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் அகச்சிவப்பு ஒளியால். பக்கத்திலேயே கரும்பலகை இருந்தால் சாக்பீஸ் தூள் அந்த ஓரத்தில் படியும். உடனே தொடாத இடத்தில் தொட்டதாக எழுதும், கோடு உடையும். நேர் வெயில் சட்டத்தில் பட்டாலும் இதே கோளாறு வரலாம். பலகையை அணைத்துவிட்டு, லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் ஓரத்தைச் சுற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீரை நேராகத் தெளிக்கவே கூடாது. முடிந்தால் கரும்பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். கல்குவாரி தூசி வரும் ஊர்களில் துடைக்கும் நாளைக் கால அட்டவணையிலேயே எழுதி ஒட்டுவது நல்லது.

காரிமங்கலம் கணக்கு:

தொடுதிரை பராமரிப்பு கட்டாயம் சேர வேண்டும் மேடம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. வண்ணத் தாளில் மட்டும் ஒரு குறை. முதல் பெஞ்சில் பச்சை எழுந்ததும் பின்னால் பத்துப் பச்சை எழும். பிளிக்கர்ஸ் அட்டையில் ஒவ்வொன்றின் வடிவமும் வேறு, எழுத்தும் மிகச் சிறியது. பக்கத்து அட்டையைப் பார்த்துப் பயனில்லை. யார் எத்தனை முறை தடுமாறினார் என்ற பதிவும் இருக்கும்.

பாலக்கோடு தொடக்கநிலை:

கண்ணை மூடச் சொல்லி "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வைத்தால் பார்த்து எடுப்பது பெருமளவு குறையும். பதிவு வேண்டும் என்பது நியாயம். ஆனால் இரண்டாம் வகுப்பில் ஏற்கெனவே செயலியில் மதிப்பீடு பதிகிறோம், இன்னொரு பதிவு சுமைதான்.

ஊத்தங்கரை ஐ.சி.டி.:

இடையில் கரண்ட் கணக்கையும் வைத்துவிடுகிறேன், எதைக் காட்டினாலும் இது தேவைப்படும். புரொஜெக்டர் 280 வாட், லேப்டாப் 65 வாட், மொத்தம் சுமார் 345. இன்வெர்ட்டரில் 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இருந்தால் 1800 வாட்-மணி என்று கணக்கு வரும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 900. இன்வெர்ட்டர் இழப்பு போக 765. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். மின்விசிறியையும் அதே இணைப்பில் போட்டால் குறையும்.

படம் மங்கலாக இருக்கிறது என்று புது புரொஜெக்டர் கேட்காதீர்கள். அருகில் நகர்த்தி, படத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். விளக்கு வகை புரொஜெக்டரை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, விசிறி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. சொருகியதும் சத்தம் புரொஜெக்டருக்குப் போய்விடும். தனி ஸ்பீக்கர் வைத்தால் லேப்டாப்பில் ஒலி வெளியீட்டை மாற்றுங்கள்.

கேள்வித் தொகுப்பைப் பகிரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை எடுத்து கூகுள் படிவத்திலோ பிளிக்கர்ஸிலோ ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் வரும். 2010 முதலே அரசின் தரம் யூனிகோடு. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிவிட்டு, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.

தேன்கனிக்கோட்டை அறிவியல்:

என் தரப்பில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். சர்வர் முழுவதையும் கூட்டத்தில் கொடுக்க முடியாது. 20 ஜி.பி. பாடத்தைச் சாதாரண பென்டிரைவில் எழுதவே அரை மணி முதல் ஒரு மணி ஆகும். பத்துப் பேர் பென்டிரைவோடு வந்தால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் நெட் இல்லாத பள்ளிக்கு அன்றே கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: ஃபெட் (PhET) பாவனைகள், திரையிலேயே சோதனை செய்து பார்ப்பவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு, சில எம்.பி.தான். தமிழ் மொழிபெயர்ப்பு உள்ளவற்றை அந்தத் தளத்தின் மொழிபெயர்ப்புப் பகுதியிலிருந்து முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், இருபது பாவனையையும் ஒரு நிமிடத்தில் நகலெடுக்கலாம். லேப்டாப்பில் இரட்டைச் சொடுக்கு, நெட் வேண்டாம். போனில் திறக்கும்போது வேறு வியூவரில் திறந்து வெறும் திரை வந்தால் குரோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேர்மின்சுற்றுப் பாவனையை மட்டும் கூட்டத்தில் செய்து காட்டினால் போதும். மின்கலம், கம்பி, பல்பு, சாவி. அதில் முதலில் எலக்ட்ரான் ஓட்டம்தான் தெரியும். பாடநூலில் இருப்பது மரபு மின்னோட்டத் திசை. வகுப்புக்கு முன்பே அந்தத் தேர்வை மாற்றாவிட்டால் அம்புக்குறி எதிர்த்திசையில் போகிறது என்று பிள்ளைகள் குழம்புவார்கள். குறுக்குச் சுற்று செய்தால் மின்கலம் தீப்பிடிப்பது போல் காட்டும். உண்மையான மின்கலத்தில் செய்யக் கூடாததை அங்கே செய்து பார்க்கலாம். ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு வீடியோவின் வேகமான தமிழ் விளக்கத்தை விட இதில் அதிகம் பிடிபடும், எழுத்து குறைவு, கைவேலை அதிகம்.

காரிமங்கலம் கணக்கு:

கோப்பாகக் கொடுக்க முடியும் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது மேடம். ஆனால் வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் 25 நிமிடம் விடை அட்டை, வந்திருக்கும் ஆசிரியர்களே மாணவராக உட்கார்ந்து அட்டை தூக்க வேண்டும். "சாவியைத் திறந்தால் மின்னோட்டம் எங்கே நிற்கும்: சாவியில் மட்டுமா, பல்பில் மட்டுமா, சுற்று முழுவதுமா?" என்று உங்கள் மின்சுற்றிலிருந்தே கேள்வி வைக்கிறேன். விடை பிரியும். அப்போது பாவனையைத் திறந்து காட்டுங்கள். கோலிப்ரி அன்று வேண்டாம், விருப்பம் உள்ளவர்களுக்குத் தனி நாள் வைப்போம்.

பாலக்கோடு தொடக்கநிலை:

தொடுதிரை துடைப்பதற்கு 10 நிமிடம் எங்கே?

தேன்கனிக்கோட்டை அறிவியல்:

என் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், ஆனால் துணியும் பலகையும் வைத்துச் செய்து காட்டுங்கள். சார், கோலிப்ரிக்குத் தனி நாள் என்பதற்குச் சரி. அதற்குள் வருகிறவர்கள் தங்கள் ஆய்வகத்தில் எத்தனை கணினி எழுகிறது, தேதி சரியாகக் காட்டுகிறதா, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா என்ற மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். அது இல்லாமல் அந்த நாளும் வீண்.

ஊத்தங்கரை ஐ.சி.டி.:

சி.ஆர்.2032 பேட்டரி சிலது வாங்கிக் கொண்டு வருகிறேன். அட்டையைப் பழைய காலண்டரில் ஒட்டி எடுத்து வருவது காரிமங்கலம் சாரின் பொறுப்பு. ஏ4 தாளில் இரண்டிரண்டாக அச்சடித்தால் 40 அட்டைக்கு 20 தாள் போதும். பிரின்டரில் டோனர் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள் சார்.