வேலியில் சிவப்புப் பழக் கொடி: இது முசுமுசுக்கைதானா?

கேள்வி
திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் வீட்டு முள்வேலியில் மழைக்குப் பிறகு ஒரு கொடி படர்ந்திருக்கிறது. இலை மேல்புறம் சொரசொரப்பு, கை விரித்த மாதிரி ஐந்து பிளவு. கோலிக்குண்டு அளவில் சிவப்புப் பழங்கள். அத்தை முசுமுசுக்கை என்கிறார், சளிக்கு இலையைப் பறித்து அடை சுடலாம் என்கிறார். நம்பிச் சாப்பிடலாமா? வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில் 1
சொரசொரப்பு இருந்தால் முசுமுசுக்கைதான் அக்கா. கொண்டைக்குருவி கொத்துகிறதா பாருங்கள், கொத்தினால் பயமில்லை.

பதில் 2
தயவுசெய்து அப்படி முடிவு செய்யாதீர்கள். பறவைக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லவே முடியாது. சொரசொரப்பும் போதாது, வேறு கொடிகளுக்கும் அது உண்டு.

சகோதரி, மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பழுத்த பிறகும் பழத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா? கொடி சுற்றிப் பிடிக்கும் சுருள் இழையான பற்றுக்கம்பி ஒற்றையா, நுனியில் இரண்டாகப் பிரிகிறதா? தண்டைத் தடவினால் சுணை தட்டுகிறதா?

கேட்டவர்
நன்றாகச் சிவந்த பழத்திலும் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. கம்பி இரண்டாகப் பிரிகிறது. தண்டு வழவழப்பு. கோவையாக இருக்குமோ?

பதில் 2
கோவை இல்லை. அதன் பழம் நீளமாக இருக்கும், பழுத்ததும் கோடு மறைந்துவிடும், பூவும் பெரிய வெள்ளைப் பூ. உங்கள் வேலியில் இருப்பது ஐவிரலி. பழம் நஞ்சு, இலையையும் சமைக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் இதன் விதையைச் சிவலிங்க விதை என்று விற்பார்கள். அதை நினைத்தும் வீட்டில் கைவைத்தியம் செய்துபார்க்காதீர்கள்.

முசுமுசுக்கைக்குத் தண்டு முழுக்கச் சுணை, கம்பி ஒற்றை. பழம் சுண்டைக்காய் அளவுதான், இலைக்காம்பின் அடியிலேயே ஒட்டிக் காய்க்கும். பழுத்தால் கோடில்லாமல் சிவக்கும்.

கேட்டவர்
நல்லவேளை, இன்னும் பறிக்கவில்லை. அத்தையிடம் கம்பியையும் பழத்தையும் காட்டினேன், ஒத்துக்கொண்டார். கொடியை வேரோடு பிடுங்கிவிடட்டுமா?

பதில் 2
நம் மண்ணின் கொடிதான், முழுக்க அழிக்க வேண்டாம் என்பேன். குழந்தைகளுக்குக் கைக்கெட்டும் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் போடுங்கள். ஒன்றை வாயில் போட்டுவிட்டார்கள் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பழத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 3
அடைக்கு முசுமுசுக்கை வேண்டுமென்றால் கீரைக்காரம்மாவிடம் சொல்லிவையுங்கள், கொண்டுவந்து தருவார். புழுங்கலரிசியை ஊறவைத்து, இலையோடு மிளகு, சீரகம் சேர்த்து அரைத்துச் சுடுங்கள். அரைத்தால் சுணை தெரியாது.