மருந்துவாழ்மலைச் சரிவில் தலைகவிழ்ந்து பூக்கும் இளநீலப் பூ எது?

கேள்வி:
கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையின் பொற்றையடிப் பக்கச் சரிவில், பாறைகளுக்கு இடையே மரநிழலே விழாத தரையில், முழங்கால் உயரம்கூட எட்டாத ஒரு செடி வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பரவலாகப் பூத்திருக்கிறது. ஐந்து இதழ்கள் கொண்ட இளநீலப் பூ, எப்போதும் தரையைப் பார்த்தே தொங்குகிறது. தண்டும் இலையும் தொட்டால் சொரசொரப்பாக உள்ளன. ஊரார் சிலர் இதனைத் தும்பை என்கிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி:
தும்பை அன்று, தம்பி. தும்பை துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் தண்டு நாற்கோணமாகவும் பூ வெள்ளையாகவும் இருக்கும். நீங்கள் காண்பது தேள்கொடுக்குச் செடியின் குடும்பத்தில் உள்ள ட்ரைக்கோடெஸ்மா பேரினமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதில் இண்டிகம், சைலானிக்கம் என்னும் இரண்டு இனங்கள் தென்னிந்தியாவில் வளர்கின்றன. பூவை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம். பூவைத் திருப்பி, அதைத் தாங்கும் பச்சைப் புல்லிகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே காதுமடல் போன்ற கூரிய நீட்சிகள் இருந்தால் இண்டிகம், இல்லையென்றால் சைலானிக்கம். இண்டிகத்தின் இலைக்குக் காம்பு இராது. அடிப்பகுதி தண்டைத் தழுவியபடி இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. புல்லியின் அடியில் அந்த நீட்சிகள் தெளிவாகத் தெரிகின்றன. இலைகளும் காம்பின்றித் தண்டைத் தழுவியுள்ளன. பூவின் நடுவே மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து, நுனியில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரே கிளையில் சில பூக்கள் நீலமாகவும் சில வெளிறிய இளஞ்சிவப்பாகவும் இருப்பது ஏன்?

மறுமொழி:
பூ முதிர முதிர நிறம் வெளிறும். ஆகவே நிறத்தைக் கொண்டு ஐயுற வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்கள் அனைத்தும் கவிழ்தும்பைக்கு, அதாவது ட்ரைக்கோடெஸ்மா இண்டிகத்துக்கு, உரியவை. சில ஊர்களில் இதைக் கழுதைத்தும்பை என்றும் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளைவிட மழை குறைந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வெட்டவெளிகளே இதற்கு ஏற்ற இடம்.

இன்னும் இரண்டு செய்திகளை அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். இது ஓராண்டுச் செடி. அடுத்த பருவத்தில் விதையிலிருந்துதான் முளைத்தாக வேண்டும் என்பதால், பூத்த செடியை வேரோடு பிடுங்காமல் புல்லியைப் பக்கவாட்டில் படமெடுத்துக்கொண்டாலே அடையாளத்துக்குப் போதும். நாட்டு மருத்துவத்தில் பெயர் பெற்றது என்பதற்காக நீங்களாகக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள்; இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உள்ளன.