கோப்லென்ஸ் தீர்ப்பு: விட்டு ஓடி வந்தவரைத் தண்டிப்பது நீதியா, வசதியா?

தெக்கத்தியான்:
ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. சிரியாவின் உளவுத்துறைக் கர்னல் அன்வர் ரஸ்லானுக்கு ஜெர்மனியில் கோப்லென்ஸ் என்ற ஊரின் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்தது டமாஸ்கஸில், 251ஆம் பிரிவு என்கிற உளவுத்துறைச் சிறையில். அடித்தவர்களும் சிரியர்கள், அடிபட்டவர்களும் சிரியர்கள். ஜெர்மனிக்கு இதில் என்ன வேலை? சரி, அதைக்கூட விடுங்கள். இந்த ஆள் 2012இலேயே, 2024 டிசம்பர் வரை சிரியாவை ஆண்ட அதிபர் அசாத்தை விட்டு விலகி ஓடி வந்தவர், 2014இல் எதிர்த்தரப்போடு ஜெனீவா அமைதிப் பேச்சுவார்த்தைக்குக்கூடப் போனவர். அசாத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் டமாஸ்கஸில் பதவியில் சௌக்கியமாக இருந்தபோது, விலகி வந்தவர் மட்டும் உள்ளே. நல்ல நீதி!

கௌரி:
முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஜெர்மனியில் 2002 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் மூன்றும் உலகத்தில் எங்கே நடந்தாலும், செய்தவரோ செத்தவரோ ஜெர்மானியராக இல்லாவிட்டாலும், அங்கே வழக்குப் போடலாம். வேறு எங்கே போவது? சிரியா ஹேக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை வழியாக அங்கே அனுப்பப் பார்த்தார்கள், 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டு முடித்துவிட்டன. சிரியாவிலேயே வழக்குப் போட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே அப்போது அசாத்தின் ஆட்சி.
இரண்டாவது. அவர் அந்தச் சிறையின் விசாரணைப் பிரிவுக்குத் தலைவர். 2011 ஏப்ரலிலிருந்து 2012 செப்டம்பர் வரை குறைந்தது 4,000 பேர் அங்கே சித்திரவதைக்கு ஆளானார்கள், 27 கொலைகள் நிரூபணமாயின. அதற்கப்புறம் கட்சி மாறிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?

சாமானியன்:
கௌரி மேடம், இந்தச் சட்டத்தின் லட்சணத்தை நான் சொல்கிறேன். பெல்ஜியத்தில் 1993இல் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. 2001இல் ருவாண்டா இனப்படுகொலையில் பங்கெடுத்த ருவாண்டாக்காரர்கள் நாலு பேரை, அதில் இரண்டு கன்னியாஸ்திரிகள், அதன்கீழ் தண்டித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். 2003இல் முன்னாள் அமெரிக்க அதிபர் மூத்த புஷ் பெயரில் புகார் போனது. நேட்டோ தலைமையகம் பிரஸ்ஸல்ஸில் இருக்க வேண்டுமா என்று அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் ஒரு வார்த்தை விட்டார், அந்த ஆகஸ்டிலேயே சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அப்புறம் ஈராக்கில் அமெரிக்கர்கள் நடத்திய அபு கிரைப் சிறையின் சித்திரவதைக்காக அதே ரம்ஸ்ஃபெல்ட் மீது, நீங்கள் சொல்கிற அதே ஜெர்மன் சட்டத்தின்கீழ், 2004இலும் 2006இலும் புகார் கொடுத்தார்கள். இரண்டு முறையும் எடுக்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி, வேறென்ன.

கௌரி:
ரம்ஸ்ஃபெல்ட் விஷயம் வெட்கக்கேடு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவரைப் பிடிக்காததால் ரஸ்லானையும் விட்டுவிடலாம் என்றால், 251ஆம் பிரிவில் தொங்கவிடப்பட்டவனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

தெக்கத்தியான்:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. இதே வழக்கில் இயாத் அல்-கரீப் என்று இன்னொருவர், கீழ்மட்ட ஆள். ஆர்ப்பாட்டக்காரர்களைப் பேருந்தில் ஏற்றி அந்தச் சிறைக்குக் கொண்டுபோனதில் பங்கு. நாலரை வருடம் தண்டனை. அவர் மாட்டியது எப்படி? அடைக்கலம் கேட்டு வந்து தானே வாயைத் திறந்து சொன்னதில்தான். இன்று மியான்மரில் ராணுவத்தை விட்டு ஓடலாமா என்று யோசிக்கிற ஒரு மேஜர் இதைப் படித்தால் என்ன முடிவெடுப்பார்? இருக்கிற இடமே பத்திரம் என்றுதானே?

வடமராட்சியான்:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். தெக்கத்தியான் அண்ணை கதைப்பதில் ஒரு பாதி எனக்கு விளங்குகிறது. 2017இல் ஜெனரல் ஜகத் ஜயசூரிய பிரேசிலில் இலங்கைத் தூதுவராக இருந்தார், இறுதிப்போர்க் காலத்தில் வன்னிப் படைத் தலைமையகத்தின் தளபதி. அந்த ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகள் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர்மீது முறைப்பாடு கொடுத்தன. ஆள் அதற்குள் பிரேசிலை விட்டுப் போய்விட்டார், குற்றச்சாட்டுகளையும் மறுத்தார். போதாக்குறைக்குத் தூதுவர் என்றால் வழக்கிலிருந்து விலக்குரிமை வேறு. உள்ளே இருந்தவன் ஒருவன் வெளியே வந்து கதைத்தால் இப்படியான வழக்குகளுக்கு எவ்வளவு பலம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஓடி வருகிறவனுக்குத் தண்டனையைக் குறையுங்கள், நான் எதிர்க்கமாட்டேன். முழுதாக விடுவது மட்டும் கூடாது.

கௌரி:
கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. கரீப் சொன்ன தகவல்களைக் கணக்கில் எடுத்துத்தான் தண்டனையைக் குறைத்தார்கள். ரஸ்லான் அப்படி இல்லை. கவனியுங்கள், 2015இல் சிரிய உளவாளிகள் தன்னைப் பின்தொடர்வதாக பெர்லின் போலீசிடம் அவரே போய்ப் புகார் கொடுத்தார், தான் என்ன வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லிக்கொண்டு. பயம் அசாத்தின் ஆட்களிடம் மட்டும்தான், தான் செய்தது பற்றி இல்லை. பெர்லின் அகதி முகாமில் அவரைப் பார்த்த சிரிய வக்கீல் அன்வர் அல்-புன்னிக்கு, இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியதாம். 2006இல் தன்னைக் கைது செய்த ஆள் என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. நீதிமன்றத்திலும் ரஸ்லான் கடைசிவரை, யாரையும் அடிக்கவில்லை, சிலருக்கு உதவிகூடச் செய்தேன் என்றுதான் சொன்னார். ஓடி வருவது வேறு, உள்ளதைச் சொல்வது வேறு. உங்கள் மியான்மர் மேஜருக்கும் அதுவே பதில்.

சாமானியன்:
அதெல்லாம் சரி மேடம், வழக்கு யாருக்காக நடந்தது? விசாரணை ஜெர்மன் மொழியில். பாதிக்கப்பட்டவர்களின் மொழி அரபு. பத்திரிகையாளர்களுக்குக்கூட மொழிபெயர்ப்பைக் கேட்க வழியில்லை, 2020 ஆகஸ்டில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பதிவு பெற்ற அரபுப் பத்திரிகையாளர்களுக்கு அது கிடைத்தது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்த சாதாரணச் சிரியனுக்கு அதுவும் இல்லை. தன் ஊர்க் கொலையைப் பற்றித் தனக்குப் புரியாத மொழியில் பேசுவதை அவன் 100 நாளுக்கு மேல் கேட்க வேண்டும்.

கௌரி:
இது நியாயமான குறை. மறுக்க எதுவும் இல்லை.

தெக்கத்தியான்:
நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன், அந்த போலீஸ் புகார் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் பாருங்கள், பிரான்சில் அசாத்துக்கு 2023இல் போட்ட பிடியாணையை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது, பிடியாணை போட்ட சமயத்தில் அவர் பதவியிலிருந்த அதிபர் என்று. கர்னலுக்குச் சிறை, அதிபருக்கு மாஸ்கோவில் அடைக்கலம்.

கௌரி:
இப்போது அவர் முன்னாள் அதிபர், புதிதாகப் பிடியாணை போடலாம் என்பதற்கும் அதே தீர்ப்பில் இடம் இருக்கிறது. ரஷ்யா தூக்கிக் கொடுக்காது என்பது எனக்கும் தெரியும்.

வடமராட்சியான்:
போடட்டும். பிடியாணை காத்திருக்கும். எங்கள் பக்கத்தில் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு இப்போதைக்கு அந்தக் கவலைதான்.