வேன் வந்த பிறகும் போகாத பயம்

என் மகளின் பள்ளி வேன் தினமும் 4.10-க்குத் தெரு முனைக்கு வரும். நான் 3.30-க்கே வாசலில் நிற்பேன். 4.12 ஆகிவிட்டால் வேன் அண்ணனுக்கு போன். அவர் எடுக்கவில்லை என்றால் கை சில்லிட்டுப்போகும், வயிற்றைக் கலக்கும். சரி, பிள்ளை இறங்கி வந்து புத்தகப் பையைத் தூக்கிப் போட்ட பிறகாவது நிம்மதி வர வேண்டுமே? வராது. "வீட்டுக்காரர் இன்னும் வண்டியில் வரணுமே" என்று அடுத்தது தொடங்கிவிடும். அவர் வந்த பிறகு கேஸ் சிலிண்டர். அதை மூடிய பிறகு ஊரில் தனியாக இருக்கும் அம்மா.

இப்படியே ஒன்றரை வருடம். "பெத்தவளுக்குக் கவலை இல்லாம இருக்குமா" என்பார் மாமியார். நானும் அப்படித்தான் நம்பினேன். கழுத்தும் தோளும் கல்லாக இறுகிக் கிடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. கடையில் ஒரே பில்லை மூன்று முறை கூட்டுவேன். எதற்கெடுத்தாலும் பிள்ளையிடம் எரிந்து விழுவேன். இதெல்லாம் பதற்ற நோய் என்ற ஒரே நோயிலிருந்து வருபவை என்று அப்போது தெரியாது.

படபடப்புக்காக டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. "ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். தைராய்டு பார்த்தது நல்லதுதான், அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஆனால் அந்த "ஒன்றுமில்லை" என் வாழ்க்கையில் இன்னொரு வருடத்தைத் தின்றது.

பிறகு பார்த்த டாக்டரம்மா, "இதயத்தில் இல்லைன்னுதான் சொல்றேன், ஒன்றுமே இல்லைன்னு சொல்லலை" என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்றபோது, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டேன்.

மனநல மருத்துவர் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்து வந்தாலே மேற்கொண்டு விசாரிப்பார்களாம். எனக்கு 17. அதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. பயந்த காரியம் நல்லபடியாக முடிந்ததும் பயம் போகிறதா, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்கள் இப்படித்தானா என்று கேட்டார். அப்புறம், "இதனால எதையெல்லாம் செய்யாம விட்டீங்க?" அதற்குத்தான் அழுதுவிட்டேன். அம்மா வீட்டுக்கு பஸ் ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது.

எஸ்சிட்டலோபிராம் என்ற, பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். முதல் வாரம் குமட்டல், படபடப்புகூடக் கொஞ்சம் ஏறியது. இப்படி இருக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன். கூடவே ஆலோசகரும் உண்டு. வேன் அண்ணனுக்கு போன் செய்வதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொன்னார், அடுத்த வாரம் இருபது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். மகள் நிற்கிறாள், மணி 4.25. நான் மணியே பார்த்திருக்கவில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், எனக்கு வந்தது வேறு மாதிரி. சென்னையில் ஆபீஸ் போகும் பஸ்ஸில், கிண்டி தாண்டும்போது திடீரென்று மூச்சு அடைத்தது. விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணியில் அடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு ஓடியது சரிதான், நெஞ்சை அடைப்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே தீர்மானிக்கக் கூடாது. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. பஸ்ஸில் ஏறுவதையே விட்டேன், ஏறாத ஒவ்வொரு நாளும் பயம் பெருத்தது. நண்பன் கொடுத்த அல்பிரஸோலம் என்ற, பதற்றத்தை அடக்கும் மாத்திரையைப் போட்டுப் பழகி, மூன்று மாதத்தில் அது இல்லாமல் தூக்கமே இல்லை. மனநல மருத்துவர்தான் அதைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினார். பீதி நோய் என்று பெயர் சொன்னார். சிகிச்சை பஸ்ஸிலேயே நடந்தது. முதல் நாள் ஒரே ஒரு ஸ்டாப். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

எனக்கு நோய் இல்லை என்று சொன்னார்கள், அதையும் எழுதுகிறேன். தங்கை கல்யாணத்துக்குப் பணம் புரளாமல் இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. பணம் கைக்கு வந்த அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். காரணம் தீர்ந்ததும் கவலையும் போனதைத்தான் ஆலோசகர் குறித்துக்கொண்டார். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் எங்கே கேட்பது?

*

முதலில் எழுதிய நான்தான் மறுபடியும். 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எனக்கு மாத்திரை இன்னும் ஓடுகிறது. நன்றாகிவிட்டதே என்று நானாக நிறுத்தப் பார்த்து டாக்டரிடம் திட்டு வாங்கினேன். குணமான பிறகும் பல மாதம் தொடர்ந்துவிட்டு, அவர்கள்தான் படிப்படியாகக் குறைப்பார்களாம். அப்படிக் குறைத்து முடித்தவர்கள் இங்கே இருந்தால் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுதுங்கள். எனக்கு அடுத்த மாதம் அந்தப் பேச்சு வரும்.